தடும மாத்திரையும் பட்டாளத்துச் சிறுநீர்ச் சோதனையும்

பாளை ஆசிரியை:

அனைவருக்கும் வணக்கம். என் தம்பி மகன் அமெரிக்காவில் படிக்கச் சென்று, அங்கே 2008 முதல் 2016 வரை வெளிநாட்டவரை மொழித்திறனுக்காகப் படையில் சேர்த்த திட்டத்தின் வழியாக, தமிழ் தெரியும் என்ற தகுதியில் தரைப்படையில் சேர்ந்தவன். ஐப்பசியில் விடுப்பெடுத்துப் பாளையங்கோட்டைக்கு வருகிறான். அந்த மாதத்தில் இங்கே மழையும் தடுமமும் ஒன்றாகத்தான் வரும் என்பது உங்களுக்குத் தெரியும். ஆனால் அவனோ, "அத்தை, மூக்கு ஒழுகினாலும் எனக்கு மாத்திரையோ சிரப்போ தந்துவிடாதீர்கள், திரும்பிப் போனதும் சிறுநீர்ச் சோதனைக்குக் கூப்பிடுவார்கள்" என்று இப்போதே எச்சரிக்கிறான். என் தம்பியோ, கடையில் சீட்டில்லாமல் தருகிற மாத்திரைக்கா இத்தனை பயம் என்று சிரிக்கிறான். இதில் யார் சொல்வது சரி? அச்சம் உண்மையானதென்றால் எந்த மருந்தைப் பற்றியது, எதற்கு அஞ்ச வேண்டியதில்லை என்பதை விவரம் அறிந்தவர்கள் எழுத வேண்டுகிறேன்.

வண்ணாரப்பேட்டை மருந்தாளுநர்:

அம்மா, "தடும மாத்திரை" என்று ஒரே பெயரில் கேட்டு வாங்கினாலும் அட்டைக்குள் இருப்பது பெரும்பாலும் மூன்று மருந்துகளின் கூட்டு. சினாரெஸ்ட் போன்ற மாத்திரையின் அட்டையைத் திருப்பிப் பார்த்தால், காய்ச்சலுக்குப் பாராசிட்டமால் 500 மில்லிகிராம், மூக்கடைப்புக்குப் பினைலெப்ரின் 10 மில்லிகிராம், மூக்கொழுகலுக்குக் குளோர்பெனிரமைன் 2 மில்லிகிராம் என்று பொடி எழுத்தில் அச்சிட்டிருப்பார்கள். இவற்றுள் பாராசிட்டமாலைப் பற்றிப் பேச்சே தேவையில்லை. குளோர்பெனிரமைனைப் போதைச் சோதனையில் யாரும் தேடுவதில்லை. பினைலெப்ரினுக்கு ஆம்பெட்டமின் என்ற போதைப்பொருளோடு மூலக்கூறு அமைப்பில் ஓரளவு ஒப்புமை உண்டென்றாலும், இரண்டாம் நிலையில் கருவியைக் கொண்டு செய்யும் உறுதிச் சோதனையில் அது ஆம்பெட்டமினாக வாசிக்கப்படுவதில்லை.

அவன் அங்கே அஞ்சக் கற்றுக்கொண்டது சூடோஎபிட்ரின் என்ற மற்றொரு மூக்கடைப்பு மருந்தாக இருக்கும். மெத்தாம்பெட்டமின் என்ற கடும் போதைப்பொருளைக் கள்ளத்தனமாகக் காய்ச்சுவதற்கு அதுவே மூலப்பொருள் என்பதால், அமெரிக்காவில் 2006 முதல் அதைக் கடையின் விற்பனை மேடைக்குப் பின்னால் வைத்து, அடையாள அட்டையைப் பார்த்து, பெயரைப் பதிந்துகொண்டு, நாளொன்றுக்கு 3.6 கிராமுக்கு மேல் போகாமல் விற்கிறார்கள். மருந்து வாங்கக் கையெழுத்துப் போட்டவனுக்கு அச்சம் வருவது இயல்புதான். இங்கேயும் அந்த மூலப்பொருள் 2013ஆம் ஆண்டின் கட்டுப்பாட்டு ஆணைக்குள் வருகிறது.

ஒரு வேடிக்கையையும் சொல்லிவிடுகிறேன். சூடோஎபிட்ரினுக்கு மாற்றாகக் கடைகளை நிரப்பிய பினைலெப்ரினை வாயால் விழுங்கினால் மூக்கடைப்பு நீங்குவதில்லை என்று அமெரிக்க மருந்துத் துறையின் ஆலோசனைக் குழு 2023 செப்டம்பரில் ஒருமனதாகச் சொன்னது. 2024 நவம்பரில் அதை விலக்கிக்கொள்ளும் முன்மொழிவும் வந்தது. எனினும், "போன தடவை தந்தீர்களே, அதையே கொடுங்கள்" என்று கேட்பவர்களிடம் மேடையில் நின்றுகொண்டு இதை விளக்க முடிவதில்லை.

நாங்குநேரி சுபேதார்:

நான் நம் நாட்டுத் தரைப்படையின் மருத்துவப் பிரிவில் இருந்து ஓய்வு பெற்றவன். அமெரிக்கப் படையின் சோதனை முறையைப் பற்றி எனக்கு நேரடி அனுபவம் கிடையாது. ஆயினும் ஒன்றைச் சொல்ல வேண்டும். காலையில் தடுமம் என்று எம்.ஐ. ரூம் என்கிற மருத்துவப் பரிசோதனை அறையில் வரிசையில் நிற்கும் ஜவான்களிடம் எங்கள் மருத்துவ அதிகாரி முதலில் கேட்கும் கேள்வி, "இன்றிரவு உனக்கு என்ன டியூட்டி?" என்பதாகத்தான் இருக்கும். லாரி ஓட்டுபவன் என்றாலோ காவல் முறை உள்ளவன் என்றாலோ தூக்கம் வரவழைக்கும் மாத்திரையைத் தரமாட்டார். தந்தே ஆகவேண்டிய நிலை வந்தால், அவனை அன்றைய பணியிலிருந்து விலக்கிச் சீட்டெழுதிக் கொடுப்பார். சோதனையில் அகப்படுமா அகப்படாதா என்று கணக்குப் பார்க்கும் நாம், அகப்படாத மருந்தைத் தீங்கில்லாத மருந்து என்று எடுத்துக்கொண்டு விடுகிறோம். மருந்தாளுநர் அண்ணாச்சி ஒரே வரியில் கடந்துபோன, தூக்கம் வரவழைக்கும் குளோர்பெனிரமைன்தான் என் கணக்கில் அந்த அட்டையிலேயே கவனிக்க வேண்டிய சரக்கு.

அம்பை ஆய்வகத்தான்:

அம்பாசமுத்திரத்துக்காரன், வெளிநாட்டில் நச்சியல் ஆய்வகமொன்றில் வேலை பார்க்கிறேன். ஆசிரியை அம்மாவின் கேள்விக்குச் சற்று விரிவாகவே பதில் சொல்ல வேண்டியிருக்கிறது.

சோதனை இரண்டு நிலைகளில் நடக்கிறது. முதல் நிலையில் சிறுநீரோடு எதிர்ப்பொருள் ஒன்றைக் கலந்து, அது ஆம்பெட்டமினைப் போன்ற வடிவமுள்ள எதையாவது பற்றிக்கொள்கிறதா என்று பார்ப்பார்கள். இது மலிவானது, விரைவானது. ஆயிரக்கணக்கான புட்டிகளை ஒரே நாளில் சலித்துவிடலாம். குறை என்னவென்றால், சாயலைக் கண்டாலே அது பிடித்துக்கொள்ளும். சூடோஎபிட்ரின் அதிக அளவில் இருக்கும்போது இங்கே சிக்கிக்கொள்வது உண்டு. ஆனால் இந்த நிலையில் சிக்கிய புட்டியை வைத்துக்கொண்டு யார் மீதும் குற்றம் சாட்டுவதில்லை. அது அடுத்து ஜி.சி.எம்.எஸ். போன்ற கருவிக்குப் போகிறது. அக்கருவி கலவையிலுள்ள பொருள்களைத் தனித்தனியே பிரித்து, ஒவ்வொரு மூலக்கூறையும் உடைத்து, உடைந்த துண்டுகளின் எடையைக் கொண்டு இன்னது என்று அடையாளம் காட்டுகிறது. சூடோஎபிட்ரினையும் மெத்தாம்பெட்டமினையும் வேறுபடுத்துவது ஓர் ஆக்சிஜன் அணுதான் என்றாலும், இந்தக் கருவிக்கு அந்த வேறுபாடு போதுமானது.

கருவி ஒருபோதும் பிழை செய்ததில்லை என்று சொல்ல மாட்டேன். 1990களின் தொடக்கத்தில் அமெரிக்க ஆய்வகங்களில் இதே உறுதிச் சோதனையில் சிக்கல் வந்தது. சூடோஎபிட்ரினோ எபிட்ரினோ மிகுதியாக இருந்த சிறுநீரைக் கருவியின் சூடான வாயிலுக்குள் செலுத்தும்போது, அவ்வெப்பத்திலேயே சிறு பங்கு மெத்தாம்பெட்டமினாக மாறிவிட்டது. அதன் பிறகே ஒரு விதி வந்தது: மெத்தாம்பெட்டமின் இருப்பதாக அறிக்கை தர வேண்டுமானால், அது உடலுக்குள் சிதைந்து உண்டாகும் ஆம்பெட்டமினும் குறைந்தது மில்லிலிட்டருக்கு 200 நானோகிராம் (2010 முதல் 100) அதே சிறுநீரில் இருந்தாக வேண்டும். கருவிக்குள் பிறந்த மெத்தாம்பெட்டமினுக்கு அந்தச் சிதைவுப்பொருள் இராது. மனிதர் உட்கொண்டதற்கு இருக்கும். எங்கள் துறையில் எனக்கு மிகவும் பிடித்த விதி இதுதான்.

விக்ஸ் இன்ஹேலரையும் யாராவது கேட்பார்கள் என்பதால் முன்கூட்டியே சொல்லிவிடுகிறேன். நம் ஊர்க் குழலில் இருப்பவை மென்தால், கற்பூரம் முதலிய மணப்பொருள்கள். அமெரிக்காவில் விற்ற குழலிலோ லெவ்மெத்தாம்பெட்டமின், அதாவது போதைப்பொருளான வலக்கை மெத்தாம்பெட்டமினுக்குக் கண்ணாடிப் பிம்பம் போன்ற இடக்கை வடிவம், மருந்தாகவே சேர்க்கப்பட்டிருந்தது. பிரிட்டனின் பனிச்சறுக்கு வீரர் ஆலன் பாக்ஸ்டர் 2002 சால்ட் லேக் சிட்டி ஒலிம்பிக்கில் வென்ற வெண்கலத்தை இழந்தது, தன் நாட்டுக் குழலைப் போன்றதுதான் என்று நம்பி அங்கே வாங்கி உறிஞ்சியதால்தான். பணியிடச் சோதனையில் ஐயம் எழுந்தால் இடக்கை வலக்கை வடிவங்களைப் பிரித்துப் பார்க்க முடியும். 80 விழுக்காட்டுக்கு மேல் இடக்கையாக இருந்தால் கடைக்குழலோடு பொருந்துவதாகக் கொள்வார்கள். ஆகவே உங்கள் தம்பி மகன் இன்ஹேலரை இங்கே வாங்கிக்கொண்டு போவது ஒருவகையில் நல்லதே.

மேலப்பாளையம் வாசகர்:

ஆய்வகத்தான் அண்ணாச்சி சொல்வதைப் படித்தால் எல்லாம் நியாயமாக நடப்பது போலத் தோன்றுகிறது. 2000 சிட்னி ஒலிம்பிக்கில் ருமேனிய ஜிம்னாஸ்டிக் வீராங்கனை ஆண்ட்ரியா ரடுகானுக்கு அணி மருத்துவரே தடும மாத்திரை கொடுத்து, அதிலிருந்த சூடோஎபிட்ரினுக்காகத் தங்கப்பதக்கத்தைப் பறித்தார்களே, அப்போது இந்த நுட்பமெல்லாம் எங்கே போயிற்று? மேலதிகாரத்துக்கு முன்னால் நிற்கும் ஒரு சாதாரண ஆளுக்குத் "தடுமத்துக்குச் சாப்பிட்டேன்" என்று சொன்னால் எடுபடுமா? பிடிபட்டவர்கள் எல்லோரும் சொல்லும் சாக்கு அதுதான் என்று கேட்பவர்களுக்குப் பழகிப் போயிருக்குமே.

அம்பை ஆய்வகத்தான்:

நல்ல கேள்வி. விளையாட்டையும் பட்டாளத்தையும் ஒரே தட்டில் வைப்பதால்தான் இந்த அச்சம் பரவுகிறது. ரடுகானின் விவகாரத்தில் கருவி எதையும் மாற்றி வாசிக்கவில்லை. சூடோஎபிட்ரினே அன்று விளையாட்டில் தடைப்பட்டியலில் இருந்தது. இருந்த பொருளைத்தான் இருக்கிறதென்று சொன்னது. பிறகு 2004இல் அதைப் பட்டியலிலிருந்து எடுத்தார்கள். 2010இல் மில்லிலிட்டருக்கு 150 மைக்ரோகிராம் என்ற வரம்போடு திரும்பச் சேர்த்தார்கள். அமெரிக்கப் படையின் சோதனையில் தேடப்படுவது அது அன்று. அங்கே அது கடையில் வாங்கக்கூடிய மருந்து.

சாக்கு எடுபடுமா என்று கேட்டீர்கள். படையின் சட்டத்தில் 112ஏ பிரிவின்கீழ் குற்றம் நிற்க வேண்டுமானால், அந்தப் பொருளை அறிந்தே உட்கொண்டிருக்க வேண்டும். அறியாமல் உட்சென்றது என்று வாதிட இடமுண்டு. ஆனால் சிறுநீரில் பொருள் இருப்பதைக் கொண்டே அறிந்து உட்கொண்டார் என்று நீதிமன்றம் ஊகிக்கவும் இடமிருப்பதால், அந்த வாதத்தை நம்பிக்கொண்டு யாரும் எதையும் விழுங்கக் கூடாது. உங்கள் ஐயத்தில் பாதி நியாயம் உண்டு என்பதை ஒப்புக்கொள்கிறேன்.

வள்ளியூர் மாலுமி:

சரக்குக் கப்பலில் அதிகாரியாக இருக்கிறேன். எங்களுக்கும் இச்சோதனை உண்டு. அறிவிப்பின்றித் துறைமுகத்தில் ஏறி வந்து எடுப்பார்கள். முறை எப்படி என்று தெரிந்தால் அம்மாவின் கலக்கம் குறையலாம் என்பதால் எழுதுகிறேன். கோப்பையின் வெளிப்புறத்தில் வெப்பநிலைப் பட்டை ஒட்டியிருக்கும். கொடுத்த நான்கு நிமிடத்துக்குள் அது 32 முதல் 38 செல்சியசுக்குள் காட்ட வேண்டும்; இல்லையேல் வேறெங்கோ இருந்து கொண்டுவந்த சிறுநீர் என்று ஐயப்படுவார்கள். பிறகு நம் கண்முன்னே இரண்டு புட்டிகளில் பிரித்து ஊற்றி, மூடிமேல் முத்திரைத்தாள் ஒட்டி, அதில் நம்மையே சுருக்கொப்பமிடச் சொல்வார்கள். முதற்புட்டியின் முடிவை மறுத்தால் இரண்டாவதை வேறோர் ஆய்வகத்தில் திறக்கலாம். எங்கள் கம்பெனியின் படிவத்தில் அண்மையில் உட்கொண்ட மருந்துகளை எழுத இடமிருக்கிறது. நான் பாராசிட்டமாலைக்கூட விடாமல் எழுதிவிடுவேன். பட்டாளத்தில் சிறுநீர் கழிப்பதை ஒருவர் நேரில் நின்று பார்ப்பார் என்று கேள்விப்பட்டிருக்கிறேன். அந்த மட்டில் நாங்கள் கொடுத்து வைத்தவர்கள்.

கப்பலில் எங்களை அச்சுறுத்துவது மாத்திரையைக் காட்டிலும் கசகசாதான். வளைகுடாத் துறைமுகங்களில் அதைப் பையில் வைத்திருப்பதே குற்றம் என்பது நம் ஊரில் அபுதாபிக்கும் துபாய்க்கும் ஆள் அனுப்பிய எல்லா வீட்டுக்கும் தெரியும்.

பாளை ஆசிரியை:

கசகசா வரை போகும் என்று நான் நினைக்கவில்லை. இன்னொன்றையும் கேட்டுவிடுகிறேன். என் தம்பி வீட்டில் குளிர்பெட்டிக்கு மேலே பழைய இருமல் சிரப் புட்டி ஒன்று பாதியளவில் இருக்கிறது. "ஒரு மூடி குடித்தால் இருமல் நின்று நன்றாகத் தூக்கம் வரும்" என்று அதைப் பொக்கிஷம் போலக் காத்து வருகிறான். அதைத்தான் பையனுக்குத் தரப் போவதாகச் சொல்கிறான்.

வண்ணாரப்பேட்டை மருந்தாளுநர்:

அம்மா, அந்தப் புட்டியின் சீட்டில் கோடீன் என்ற சொல் இருக்கிறதா என்று இன்றைக்கே பாருங்கள். இருந்தால், இந்த இழையில் பேசிய எல்லா மருந்துகளையும்விட அஞ்ச வேண்டியது அதுதான்.

காரணம் எளியது. சூடோஎபிட்ரின் விவகாரத்தில் முதல்நிலைச் சோதனை சாயலைப் பார்த்து ஏமாறுகிறது. இரண்டாம் நிலையில் உண்மை வெளிவந்துவிடுகிறது. கோடீன் அபினிலிருந்து வரும் பொருள். அதன் ஒரு பகுதி ஈரலில் மார்பினாகவே மாறுகிறது. எனவே இரண்டாம் நிலைக் கருவியும் கோடீன், மார்பின் என்று உள்ளதை உள்ளபடி சொல்லும். அங்கே காப்பாற்றக்கூடியது பையனின் பெயருக்கு மருத்துவர் எழுதிய சீட்டு ஒன்றுதான். அப்பா வீட்டுப் பழைய புட்டிக்கு யார் சீட்டுத் தருவார்கள்?

குளோர்பெனிரமைனும் கோடீனும் சேர்ந்த சிரப்பை 2016 மார்ச்சில் 344 கூட்டு மருந்துகளுள் ஒன்றாக மத்திய அரசு தடை செய்தது. அந்த ஆண்டு இறுதியில் தில்லி உயர்நீதிமன்றம் அத்தடையை நீக்கியது. 2023 ஜூனில் 14 கூட்டு மருந்துகளைத் தடை செய்தபோது அது மீண்டும் பட்டியலில் வந்தது. 2014 மார்ச் முதலே கோடீன், சீட்டின்றி விற்கக் கூடாத மருந்துகளுக்கான எச்1 பட்டியலில் இருப்பதால், கடைக்காரர் நோயாளியின் பெயரையும் மருத்துவரின் பெயரையும் பதிவேட்டில் எழுதி மூன்றாண்டுக்காலம் வைத்திருக்க வேண்டும். ஆனால் எந்தத் தடையும் வீட்டுக் குளிர்பெட்டியின் மேல்தட்டு வரை வந்து புட்டியை எடுத்துக்கொண்டு போவதில்லை. இக்காலத்துச் சிரப்களில் பெரும்பாலும் இருக்கும் டெக்ஸ்ட்ரோமெத்தார்பன் வேறு. அதுவும் மிகுதியாகக் குடித்தால் சில முதல்நிலைச் சோதனைகளில் பி.சி.பி. என்ற போதைப்பொருளாகத் தவறித் தெரியலாம். உறுதிச் சோதனையில் அது விலகிவிடும்.

அம்பை ஆய்வகத்தான்:

மருந்தாளுநர் சொன்னதை அப்படியே வழிமொழிகிறேன். மாலுமி அண்ணாச்சியின் கசகசாவும் இதே வகைதான். விதையின் மேல் ஒட்டியிருக்கும் அபின் பாலில் மார்பினும் கோடீனும் இருப்பதால், அமெரிக்கக் கூட்டரசுப் பணியிடச் சோதனையில் அபின்வகைப் பொருள்களுக்கான வரம்பை 1998இல் 300 நானோகிராமிலிருந்து 2000க்கு உயர்த்தினார்கள். அப்படியும் 2023 பிப்ரவரியில் அமெரிக்கப் பாதுகாப்புத் துறை, கசகசா சேர்ந்த உணவைத் தவிர்க்கும்படி படையினர் அனைவருக்கும் அறிவுறுத்தியது. பையனுக்குக் கறிக்குருமா வைத்தால் அரைப்பில் தேங்காயும் முந்திரியும் போதும்.

இனி சுபேதார் ஐயா எழுதியதற்கு வருகிறேன். சோதனையில் அகப்படாத மருந்தும் தீங்கு செய்யும் என்று அவர் தம் அனுபவத்திலிருந்து சொன்னதற்கு வரலாற்றிலேயே ஒரு சான்று இருக்கிறது. 1971இல் வியட்நாமிலிருந்து திரும்பும் வீரர்களின் ஹெராயின் பழக்கத்துக்காக அதிபர் நிக்சன் காலத்தில் சிறுநீர்ச் சோதனை தொடங்கியது. ஆனால் படைகளெங்கும் "துளியும் பொறுக்க மாட்டோம்" என்ற கொள்கை வேரூன்றியது 1981க்குப் பிறகு. அந்த ஆண்டு மே 26 இரவு, புளோரிடாக் கரைக்கு அப்பால், நிமிட்ஸ் என்ற விமானந்தாங்கிக் கப்பலில் இறங்க வந்த ஈஏ-6பி விமானம் தளத்தில் மோதி 14 பேர் இறந்தார்கள். இறந்த தளப் பணியாளர் சிலரின் உடலில் கஞ்சாவின் தடயம் தெரிந்ததும் நாடே கொந்தளித்தது. அதிபர் ரீகனின் அரசு சோதனையைக் கடுமையாக்கியது. அதே விபத்தைப் பற்றிய கடற்படையின் அறிக்கையில் இன்னொரு செய்தியும் இருந்தது. விமானியின் இரத்தத்தில் புரோம்பெனிரமைன் என்ற தடும மருந்து, பரிந்துரைத்த அளவைப் போல 11 மடங்கு வரை இருந்ததென்றும், இரவில் தளத்தில் இறங்குவதற்கு வேண்டிய திறனை அது குறைத்திருக்கக்கூடும் என்றும் அவ்வறிக்கை சொன்னது.

புரோம்பெனிரமைன் நம் குளோர்பெனிரமைனுக்கு அண்ணன் தம்பி முறை. குளோரின் அணு இருக்குமிடத்தில் புரோமின் அணு இருக்கும். விமானத்தை ஓட்டியவர் விழுங்கியது தடும மருந்து. அந்த விபத்தால் வலுத்த சோதனையின் பட்டியலிலோ கஞ்சாவும் ஹெராயினும் ஆம்பெட்டமினும் இருக்கின்றன, தடும மருந்து இல்லை. கஞ்சாவைச் சோதிப்பது தவறென்று நான் சொல்லவில்லை. விபத்துக்கான பொறுப்பு எப்படிப் பங்கிடப்பட்டது என்பதில் எனக்கு இன்றும் மனம் ஒப்பவில்லை.

நாங்குநேரி சுபேதார்:

இந்த நிகழ்ச்சி எனக்குப் புதிது. பதினான்கு உயிர் என்று படித்ததும் மேற்கொண்டு படிக்கச் சற்று நேரமாயிற்று. விமானிகள் படை மருத்துவரைக் கேளாமல் எந்த மாத்திரையையும் தொடக் கூடாது என்ற விதியை இளைஞர்கள் கெடுபிடி என்று நினைப்பார்கள். இதைப் படித்தால் நினைக்க மாட்டார்கள். ஆசிரியை அம்மா, உங்கள் மருமகன் படையில் என்ன வேலை பார்க்கிறான் என்று நீங்கள் சொல்லவில்லை. வண்டியோட்டியோ எந்திரத்தின் அருகில் நிற்பவனோ என்றால், திரும்பிப் போய்ப் பணியேற்கும் நாளிலாவது தூக்கம் வரவழைக்கும் மருந்து கலந்த தடும மாத்திரையை நிறுத்தச் சொல்லுங்கள்.

மேலப்பாளையம் வாசகர்:

ஆய்வகத்தான் அண்ணாச்சிக்கு என் நன்றி. விமானி விழுங்கியதற்குத் தளத்தில் நின்றவன் கோப்பை பிடிக்கிறான் என்று நான் எழுதியிருந்தால் நீங்களே மறுத்திருப்பீர்கள். நம் நாட்டிலும் 2022 முதல் பயணிகள் விமானத்தின் விமானிகளுக்குச் சோதனை வந்திருக்கிறது. அந்தப் பட்டியலிலும் ஆம்பெட்டமின், அபின் வகை, கஞ்சா, கொக்கைன், பார்பிட்டுரேட், பென்சோடயசபின் என்று ஆறு வகைகளே உள்ளன.

இன்னொரு கேள்வி. மாத்திரையே வேண்டாம், நாட்டு மருந்தைக் கொடுத்துவிடலாம் என்று பலர் முடிவெடுப்பார்கள். அது பாதுகாப்பானதுதானா?

அம்பை ஆய்வகத்தான்:

சுக்கு, மிளகு, திப்பிலி, தூதுவளை, கற்பூரவல்லி ஆகியவற்றால் எந்தச் சோதனையிலும் சிக்கல் வராது. நொச்சி போட்டு ஆவி பிடிப்பதாலும் வராது. ஆடாதொடையும் அப்படியே. ஆனால் அதிலுள்ள வாசிசின் என்ற பொருளை முன்மாதிரியாகக் கொண்டு உருவான புரோம்ஹெக்சினின் வழிவந்த அம்பிராக்சால் என்ற சளி மருந்து, ஒருவகை முதல்நிலைச் சோதனையில் எல்.எஸ்.டி. என்ற போதைப்பொருள் போலத் தவறித் தெரிந்ததாகப் பதிவுகள் உண்டு. உறுதிச் சோதனையில் அதுவும் நீங்கிவிடும்.

பெயர் தெரியாத பொடிகளிடமும் லேகியங்களிடமும்தான் எச்சரிக்கை வேண்டும். இளைப்புக்குத் தரும் சோமலதா எபிட்ரா இனத்துச் செடி; எபிட்ரினே அதன் சாரம். எபிட்ரா கலந்த சத்துப்பொருள்களை அமெரிக்கா 2004இலேயே தடை செய்துவிட்டது. கஞ்சா சேரும் லேகியங்களைப் பற்றி நான் விளக்க வேண்டியதில்லை. சேர்மானம் அச்சிடாத எதையும் படையில் இருப்பவருக்குத் தராதீர்கள்.

வண்ணாரப்பேட்டை மருந்தாளுநர்:

நடைமுறைக்கு ஒரு வார்த்தை. பையனுக்கு மூக்கடைப்பு வந்தால் முதலில் உப்புநீர்ச் சொட்டு போதும். அதற்கும் கேட்காவிட்டால் சைலோமெட்டசோலின், ஆக்சிமெட்டசோலின் வகைச் சொட்டு மருந்து இருக்கிறது. சோதனையில் தேடும் எந்தப் பொருளோடும் அதற்குத் தொடர்பில்லை. மூன்று நாளுக்குமேல் தொடர்ந்து விடக் கூடாது. விட்டால் மருந்தே அடைப்பை உண்டாக்கும். காய்ச்சலுக்குப் பாராசிட்டமால் மட்டும் உள்ள மாத்திரையைக் கேட்டு வாங்குங்கள். எதை வாங்கினாலும் பெயர் போட்ட ரசீதோடு வாங்கி, அட்டையைக் கத்தரிக்காமல் முழுதாக வைத்துக்கொள்ளச் சொல்லுங்கள். அட்டையின் ஓரத்தைக் கத்தரித்தால் சேர்மானம் அச்சிட்ட பகுதியும் போய்விடும். குளிர்பெட்டி மேலிருக்கும் புட்டியை என் கடைக்குக் கொண்டுவந்து தந்தாலும் சரி, நானே முறைப்படி அழித்துவிடுகிறேன். தம்பியிடம் கேட்டுக்கொண்டு எடுப்பதா கேளாமல் எடுப்பதா என்பதை நீங்கள் முடிவு செய்துகொள்ளுங்கள்.